காற்று உள்ளே வர வழி எங்கே? டிரெய்லர் குளியலறை குறித்து இரண்டு கேள்விகள்

கேள்வி: காரின் பின்னால் இழுத்துச் செல்லும் சிறிய பயண டிரெய்லர் ஒன்றை வைத்திருக்கிறோம். அதன் குளியலறை 90 சென்டிமீட்டர் நீளமும் அதே அளவு அகலமும் கொண்டது. கூரையில் 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள துவாரமும், அதில் 12 வோல்ட் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றும் உள்ளன. ஃபேனை ஓடவிட்டுக் குளித்தாலும் சுவர்களில் நீர் வழிகிறது. மூலைகளில் கறுப்பாகப் பூஞ்சை படர்கிறது. கூரையை வெட்டி, 14 அங்குலத் துவாரத்துக்கான பெரிய ஃபேனைப் பொருத்திவிடலாமா?

பதில்: தயவுசெய்து இப்போதே வெட்டிவிடாதீர்கள். கூரையில் போடும் ஒவ்வொரு ஓட்டையும் பின்னாளில் மழைநீர் கசியக்கூடிய இடம். அப்படிக் கசிந்து சுவரின் உட்சட்டம் உளுத்துப்போனால், அதைச் சரிசெய்வது பூஞ்சையைத் துடைப்பதைப் போல எளிதல்ல.

முதலில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஃபேனை ஓடவிட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு துண்டு டிஷ்யூ காகிதத்தை ஃபேனின் வலைமீது வைத்துக் கையை எடுங்கள். பிறகு கதவை முழுவதும் சாத்திவிட்டு அதையே மீண்டும் செய்யுங்கள். திறந்திருக்கும்போது ஒட்டிக்கொண்டிருந்த காகிதம், சாத்தியதும் நழுவி விழுந்தால், குறை ஃபேனில் இல்லை, காற்று உள்ளே வரும் வழியில்தான் இருக்கிறது. எவ்வளவு காற்று உள்ளே வருகிறதோ அவ்வளவுதான் வெளியே போக முடியும். உங்கள் கூரைத் துவாரத்தின் பரப்பு சுமார் 177 சதுர சென்டிமீட்டர். 60 சென்டிமீட்டர் அகலக் கதவுக்கு அடியில் அரை சென்டிமீட்டர் இடுக்கு இருந்தால், அதன் பரப்பு 30 சதுர சென்டிமீட்டர். அதாவது ஆறில் ஒரு பங்கு. இந்த நிலையில் எத்தனை பெரிய ஃபேனை மாட்டினாலும் அது மூச்சுத் திணறிக்கொண்டு சத்தம் போடுமே தவிர, ஈரத்தை வெளியேற்றாது.

ஆகவே கதவின் அடிப்பகுதியில் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குச் சீவிவிடுங்கள், அல்லது கீழ்ப்பாதியில் சாய்ந்த பட்டைகள் கொண்ட காற்றுச் சட்டம் ஒன்றைப் பதியுங்கள். வழி தாழ்வாக இருப்பது முக்கியம். அப்போதுதான் காற்று ஈரத் தரையையும் சுவரையும் தடவிக்கொண்டு மேலே ஏறும். குளியலறையிலேயே, ஃபேனுக்குப் பக்கத்தில் சன்னல் இருந்தால், ஃபேன் ஓடும்போது அதை மூடிவைப்பதே நல்லது. திறந்திருந்தால் வெளிக்காற்று அதன் வழியே நுழைந்து, கீழே இறங்காமலே ஃபேன் வழியாகப் போய்விடும். அதற்குப் பதிலாக, வண்டியின் மறுகோடியில் உள்ள சன்னலை இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்து வையுங்கள்.

இதன்பிறகும் இழுவை போதவில்லை என்றால்தான் ஃபேனைக் கவனிக்க வேண்டும். வலையைக் கழற்றிப் பாருங்கள்; நூலிழையும் தூசியும் ஈரத்தில் ஊறி, கம்பளித் துண்டுபோல அப்பியிருப்பது வழக்கம். பல டிரெய்லர்களில் முதலிலேயே பொருத்தித் தரப்படும் ஃபேன்களில் இறக்கை நுனிக்கும் வளையத்துக்கும் இடையே விரல் நுழையும் அளவு இடைவெளி இருக்கும். மேலே தள்ளப்பட்ட காற்றில் ஒரு பகுதி அந்த இடைவெளி வழியாகவே கீழே திரும்பிவிடும். இறக்கை வளையத்தை நெருங்கிச் சுழலும், ஈரம் தாங்கக்கூடிய 12 வோல்ட் பிரஷ்லெஸ் (மோட்டாரில் உராயும் கார்பன் பிரஷ் இல்லாத) ஃபேன் ஒன்றை அதே துவாரத்தில் பொருத்தலாம். அத்தகைய சிறு ஃபேன்களில் கால் ஆம்பியர் போல மட்டுமே இழுப்பவை உண்டு. அப்படியொன்று ஒரு நாள் முழுவதும் ஓடினாலும் பேட்டரியிலிருந்து செலவாவது 6 ஆம்பியர்-மணி. ஃபியூஸ் வைக்காமல் மட்டும் இணைத்துவிடாதீர்கள்.

எவ்வளவு நேரம் ஓடவிடுவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். இரண்டு மீட்டர் உயரம் என்று கொண்டால் உங்கள் குளியலறையில் இருப்பது சுமார் 1.6 கன மீட்டர் காற்று. 20 டிகிரி செல்சியஸில் அத்தனை காற்றும் சேர்ந்து தாங்கக்கூடிய நீராவி 28 கிராம்தான். இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீர்கூட இல்லை. சுவரிலும் திரையிலும் தரையிலும் ஒட்டியிருக்கும் நீரோ அதைவிடப் பன்மடங்கு. ஆகவே அறைக் காற்று பல தடவை மாறியாக வேண்டும். குளித்து முடித்ததும் ரப்பர் பட்டை கொண்ட துடைப்பானால் சுவர் நீரை மேலிருந்து கீழாக வழித்து வடிகாலில் தள்ளிவிடுங்கள். அப்படி வழித்த நீரை ஃபேன் சுமக்க வேண்டியதில்லை. அதன்பின் அரை மணி நேரமாவது ஃபேன் ஓடட்டும். கூரைத் துவாரத்துக்கு மேல் மழை மறைப்பு ஒன்றைப் பொருத்திக்கொண்டால் மழையிலும் மூடியைத் திறந்தே வைக்கலாம்.

ஓர் எச்சரிக்கை மிக அவசியம். வண்டிக்குள் எரிவாயு அடுப்போ, உட்காற்றை எடுத்து எரியும் ஹீட்டரோ இருந்தால், எல்லாச் சன்னல்களையும் மூடிவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிடவே கூடாது. வெளியேற வேண்டிய புகையை ஃபேன் உள்ளே திருப்பி இழுத்துவிடும். அதில் இருக்கக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதைக் கண்டறியும் அலாரம் ஒன்று வண்டியில் கட்டாயம் இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் டிரெய்லரில் கழிப்பறைத் தண்ணீரைத் திறக்கும்போதெல்லாம் நாற்றம் வீசுகிறது. இத்தனைக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் நன்றாகவே ஓடுகிறது. காரணம் என்ன?

பதில்: ஃபேன் நன்றாக ஓடுவதுதான் காரணமாக இருக்கக்கூடும். கழிப்பறைக் கோப்பைக்கும் அதன் கீழுள்ள கழிவுத் தொட்டிக்கும் இடையிலுள்ள அடிமூடி திறக்கும் அந்தச் சில நொடிகளில், ஃபேனுக்கு எளிதாகக் கிடைக்கும் காற்று கழிவுத் தொட்டியின் காற்றுதான். திறப்பதற்கு முன் ஃபேனை நிறுத்துங்கள், மூடியபின் மீண்டும் போடுங்கள். அப்படியும் நாற்றம் நின்றபாடில்லை என்றால், தொட்டியிலிருந்து கூரைக்குச் செல்லும் காற்றுக்குழாயில் இலையோ குளவிக்கூடோ அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். வண்டி பல நாட்கள் நின்றிருந்தால் குளியல் வடிகாலின் வளைவுக் குழாயில் நிற்கும் தண்ணீர் வற்றிவிடும்; ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் நாற்றம் வரும் அந்த வழி அடைபடும்.