எஸ்எஸ்டிக்கு எந்த ஸ்லாட், தனி ஹீட்சிங்க் தேவையா?

புது என்விஎம்இ எஸ்எஸ்டியை மதர்போர்டின் எந்த எம்.2 ஸ்லாட்டில் போடுவது, அதற்குத் தனியாக ஹீட்சிங்க் (சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகத் தகடு) வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போர்டில் இரண்டு மூன்று ஸ்லாட் இருக்கும், கிராபிக்ஸ் கார்டும் இருக்கும், யாரோ ஒருவர் "ஹீட்சிங்க் இல்லாவிட்டால் டிரைவ் போய்விடும்" என்று பயமுறுத்தியும் இருப்பார். அப்படித்தான் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். முதலில் ஸ்லாட்டை முடிவு செய்யுங்கள். ஹீட்சிங்க் தேவையா என்பது பாதி அதிலேயே தெரிந்துவிடும்.

பெரும்பாலான போர்டுகளில் சிபியுவுக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் நடுவில் இருக்கும் மேல் ஸ்லாட் சிபியுவோடு நேரடியாக இணைந்தது. கீழே இருப்பவை பெரும்பாலும் சிப்செட் (போர்டின் மற்ற இணைப்புகளைச் சிபியுவுக்குக் கொண்டுபோகும் சிப்) வழியாகப் போகும். ஏஎம்டியின் ஏஎம்5 போர்டுகளில் சிப்செட்டுக்கும் சிபியுவுக்கும் இடையே இருப்பது ஜென்4 (பிசிஐஇ இணைப்பின் நான்காம் தலைமுறை) நான்கு லேன், அதாவது தரவு போகும் நான்கு தடம் மட்டுமே. சாட்டா (பழைய ஹார்ட் டிஸ்க் செருகும் இணைப்பு), நெட்வொர்க், யுஎஸ்பியில் பாதி எல்லாம் அந்த ஒரே வழியில்தான் போய்வர வேண்டும். இதைச் சொன்னதும் "சிப்செட் ஸ்லாட்டில் கேம் லோட் ஆவதில் வித்தியாசமே தெரியாது" என்று ஒருவர் வரிந்துகட்டிக்கொண்டு வருவார். உண்மைதான், தெரியாது. எனக்குக் கீழ் ஸ்லாட் பிடிக்காததற்குக் காரணம் வேகம் அல்ல, அது இருக்கும் இடம்.

என் மைத்துனன் வீடியோ எடிட்டிங் செய்கிறவன். அசெம்பிள் செய்து கொடுத்தவர், மேல் ஸ்லாட்டின் உலோக மூடியைக் கழற்றச் சோம்பல்பட்டோ என்னவோ, டிரைவைக் கிராபிக்ஸ் கார்டுக்கு நேர் கீழே செருகியிருந்தார். ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்குவது) போட்டால் கொஞ்ச நேரத்தில் எல்லாம் இழுக்க ஆரம்பித்தது. கேட்டதற்கு, "ஃபேன் வைத்த ஹீட்சிங்க் வாங்கிப் போடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். நான் போய் டிரைவின் வெப்பத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். ஃபைல் மட்டும் காப்பி செய்தால் வெப்பம் ஐம்பது சொச்சம். ரெண்டர் ஓடினால் எண்பதைத் தாண்டியது. டிரைவின் சூட்டைவிட கார்டு கக்கிய சூடுதான் அதில் அதிகம். மேல் ஸ்லாட்டுக்கு மாற்றி, போர்டோடு வந்த அதே உலோகத் தகட்டை மூடினேன். அப்புறம் ரெண்டரிலும் அறுபது சொச்சத்திலேயே நின்றது. செலவு ஒன்றும் இல்லை.

அதோடு விட்டானா? "மாமா, பெரிய ஃபைல் காப்பி பண்ணா பாதியில இன்னும் வேகம் குறையுதே" என்றான். இது வேறு சங்கதி. டிஎல்சி, க்யூஎல்சி (ஒரு செல்லில் மூன்று, நான்கு பிட் வைக்கும்) டிரைவ்கள் எழுத வரும் தரவை முதலில் எஸ்எல்சி கேஷ் என்ற வேகமான பகுதியில் வாங்கிக்கொள்ளும். அது நிரம்பினால் வேகம் சட்டென்று இறங்கும், வெப்பம் என்னவோ அப்படியே இருக்கும். எவ்வளவு பெரிய ஹீட்சிங்க் வைத்தாலும் இது சரியாகாது. டிரைவில் காலி இடம் விட்டு வைத்தால் ஓரளவு தள்ளிப்போகும். சொல்லிப் பார்த்தேன். லைட் எரியும் ஃபேன் ஹீட்சிங்க் ஒன்று வாங்கியே தீருவேன் என்று வாங்கினான். சிபியு கூலர் இடித்ததால் அது பெட்டியிலேயே இருக்கிறது.

சரி, ஹீட்சிங்க் யாருக்குத்தான் வேண்டும்? ஜென்3 டிரைவ், சாதாரண வேலை என்றால் அநேகமாக வேண்டாம். ஜென்4 என்றால் போர்டில் வரும் தகடே போதும். ஜென்5 டிரைவ் என்றால் மறுபேச்சில்லாமல் போடுங்கள், கன்ட்ரோலர் (டிரைவை இயக்கும் சிப்) நன்றாகவே சூடாகும். அதிகம் சூடானால் டிரைவ் தானாகவே வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும், உடனே செத்துவிடாது. சூடாவது பெரும்பாலும் கன்ட்ரோலர்தான். தரவைச் சேமித்து வைக்கும் நேண்ட் சிப்புக்கு மிதமான சூட்டினால் கெடுதல் இல்லை. முப்பது டிகிரியில் வைத்துக் காட்டுவதில் ஒரு பெருமையும் இல்லை. தகட்டுக்கும் டிரைவுக்கும் நடுவில் வரும் தெர்மல் பேடின் மேல் உள்ள பிளாஸ்டிக் தாளை மட்டும் மறக்காமல் உரித்துவிடுங்கள். டிரைவில் ஒட்டியிருக்கும் லேபிளை உரிக்காதீர்கள், வாரன்ட்டி போகலாம்.

இன்னொன்று, இது கேட்டதற்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லியாக வேண்டும். குடும்பத்தில் ஒருவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று பேர் வந்துவிட்டால் கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதும் பிரின்டர் ஏன் ஓடவில்லை என்று கேட்பார்கள். சரிசெய்து கொடுத்தால் "சின்ன வேலைதானே" என்பார்கள். ஆறு மாதம் கழித்து வேறு ஏதாவது பழுதானால் "நீதானே கடைசியா கைவச்சே" என்பார்கள். மைத்துனன் அப்படிச் சொன்னதில்லை, அவன் அக்கா சொல்லியிருக்கிறாள்.

இன்டெல் 12 முதல் 14ஆம் தலைமுறை சிபியு என்றால் ஒரு விதிவிலக்கு உண்டு. அந்தப் போர்டில் ஜென்5 எம்.2 ஸ்லாட் இருந்தால் அதற்கான லேன்கள் கிராபிக்ஸ் கார்டின் 16 லேன்களிலிருந்து எடுக்கப்படுபவை. அங்கே ஜென்4 டிரைவைச் செருகினாலும் கார்டு 8 லேனுக்கு இறங்கிவிடும். சிபியுவோடு இணைந்த ஜென்4 ஸ்லாட் தனியாக இருக்கும், அதில் போடுங்கள். எந்த ஸ்லாட்டை நிரப்பினால் எந்த சாட்டா போர்ட் அணையும் என்பதும் மேனுவலில் பொடி எழுத்தில் இருக்கும். அதைப் படிக்காமல் பழைய ஹார்ட் டிஸ்க் காணவில்லை என்று இன்னொரு கேள்வி போடாதீர்கள்.