அணியை விட்டுப்போன வீரரின் ஸ்கோரை பேஸ்பால் ரசிகர்கள் ஏன் தேடிப் பார்க்கிறார்கள்?

பாதி பாசம், மீதி கணக்குப் பார்ப்பது. அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கில் ஒரு வீரரை இன்னொரு அணிக்கு ‘டிரேடு’ செய்ய, அதாவது கைமாற்றிக்கொள்ள, பெரும்பாலும் அவருடைய சம்மதம்கூடத் தேவையில்லை. பதிலுக்கு வருபவர்கள் பல நேரம் பெரிய அணியில் ஆடியே இராத இளைஞர்கள். அதனால் பேரம் லாபமா நஷ்டமா என்று தெரியவே சில வருஷம் பிடிக்கும். அதுவரை இரண்டு பக்கமும் கண் வைத்திருக்க வேண்டியதுதான்.

பாஸ்டன் ரெட் சாக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2018-இல் சாம்பியன் கோப்பையான உலகத் தொடரோடு லீக்கின் மதிப்புமிக்க வீரர் விருதையும் வாங்கிய மூக்கி பெட்ஸை, 2020 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸுக்குக் கொடுத்தார்கள். செலவைக் குறைக்கத்தான்! வந்தவர்கள் அலெக்ஸ் வெர்டுகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங். அதே வருஷம் பெட்ஸ் டாட்ஜர்ஸோடு உலகத் தொடரை வென்றார்; 2024, 2025-இலும் வென்றார். வெர்டுகோவோ 2023 சீசன் முடிந்ததும், போயும் போயும், பரம எதிரியான நியூயார்க் யாங்கீஸுக்குப் போனார். பாஸ்டன்காரர்களுக்கு வயிறு எரியாதா?

அந்த ஊருக்கு இது பழைய காயம் வேறு. பாஸ்டன் யாங்கீஸுக்கு விற்ற வீரர் பேப் ரூத் 1920-இல் 54 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி) அடித்தார். 1918-இல் கோப்பை வாங்கிய பாஸ்டன் அடுத்ததற்கு 2004 வரை காத்திருந்தது.

அப்புறம், சீசனுக்கு 162 ஆட்டம். ஏறக்குறைய தினமும் புது ஸ்கோர் வரும்போது எட்டிப்பார்க்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

ஆனால் கோபமெல்லாம் நிர்வாகத்தின் மேல்தான். 2023 ஆகஸ்டில் டாட்ஜர்ஸ் சட்டையில் பெட்ஸ் பாஸ்டனின் ஃபென்வே பார்க் மைதானத்துக்கு வந்தபோது, ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.