கிறிஸ்துமஸ் மரம் ஜோடிப்பதே போதாதா, நாலு மடங்கு விலை கொடுத்து மர ஜிக்சாவும் வாங்க வேண்டுமா?

வாங்குங்கள். ஆனால் நீங்கள் எழுதியிருக்கிற காரணத்துக்காக வேண்டாம்.

"பிள்ளைக்கு மூளை வளரும் என்கிறார்கள், அட்டைப் புதிரைவிட நாலு மடங்கு விலை சொல்கிறார்கள், மரம் ஜோடிக்கிறதோடு நிறுத்திக்கொள்ளலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்குச் சின்னப் பிள்ளை இருக்கிறது, குளிர் நாட்டில் இருக்கிறீர்கள், டிசம்பர் லீவு முழுக்க வீட்டுக்குள் அடைந்து கிடக்கப் போகிறீர்கள் என்று நானாக எடுத்துக்கொள்கிறேன். ஜிக்சா என்பது வெட்டிய துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் புதிர்; மூளை வளர்ச்சிக்கு என்றால் அட்டையில் செய்ததே போதும், அதில் எனக்கு வாக்குவாதம் இல்லை. ஆனால் கை நிறைய வேலை தெரிந்தும் செய்ய ஒரு வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் மரப் புதிர் வாங்குங்கள். எங்கள் வீட்டில் அது என் அப்பா.

நான் இங்கிலாந்தில், லெஸ்டரில் நர்ஸ். சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். அம்மா இறந்துபோன மறு வருடம், நவம்பரில், அப்பாவை ஆறு மாத விசாவில் கூட்டி வந்தேன். ஐம்பது வருடம் தச்சு வேலை செய்தவர். அயனியா, பலாவா, தேக்கா என்று சீவலை மோந்து பார்த்தே சொல்லிவிடுவார். இங்கே டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். என் மகனுக்கு அப்போது எட்டு வயது. தமிழ் புரியும், பேச வராது. அப்பாவுக்கு ஆங்கிலம் வராது. ஒரே சோபாவில் இவர் ஜன்னலைப் பார்த்தபடி, அவன் டிவியைப் பார்த்தபடி. நான் டியூட்டி முடிந்து வரும்போதெல்லாம் இதே காட்சி.

அப்பா முதலில் எழுந்து வந்தது கிறிஸ்துமஸ் மரத்துக்குத்தான். இங்கே அதிகம் விற்பது நார்ட்மன் ஃபிர் என்ற ஊசியிலை மரம், இலை சீக்கிரம் கொட்டாது என்பதால். வாசலில் இறக்கியதும் அதைப் படுக்கப்போட்டு அடிப்பக்கத்தைப் பார்த்தார். பெருவிரலால் வளையங்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். "பத்து இருக்கு மக்களே. இவனுக்க அண்ணனாக்கும்" என்று மகனைக் காட்டினார். வெட்டுவாயில் பிசின் கட்டியிருக்கிறது, தண்ணீர் ஏறாது என்று சொல்லி, பக்கத்து வீட்டில் ரம்பம் வாங்கி அடியில் ஒரு அங்குலம் அறுத்து எடுத்தார். மரம் விற்றவர் கொடுத்த தாளிலும் அதையே எழுதியிருந்தார்கள், நான்தான் படிக்கவில்லை. அறுத்த வில்லையை மகன் இன்றும் வைத்திருக்கிறான்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். மரம் ஜோடிப்பதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம் என்று யாராவது கீழே வந்து எழுதுவார்கள். இங்கிலாந்துக்கே அது வெளியிலிருந்து வந்ததுதான். இன்று பிரான்சில் இருக்கும் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் வீட்டுக்குள் ஃபிர் மரம் வைத்து, காகித ரோஜாவும் ஆப்பிளும் தொங்கவிட்டார்கள் என்று 1605-இலேயே குறிப்பு இருக்கிறது. ஜெர்மனியில் பிறந்த இங்கிலாந்து ராணி சார்லட் 1800-இல் விண்ட்சரில் யூ என்ற ஊசியிலை மரம் ஒன்றை ஜோடித்தார். 1848-இல் விக்டோரியா ராணியின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் ஒரு லண்டன் பத்திரிகையில் வந்த பிறகுதான் இங்கே வேகமாகப் பரவியது. அவர்களுக்குக் கிடைத்தது ஃபிர், எங்களுக்குக் கிடைத்தது சவுக்கு. பெயின்ட் டப்பாவில் மண் நிரப்பி, கலர் பேப்பர் சுற்றி, சவுக்குக் கிளையை நட்டு, பஞ்சைப் பிய்த்து வைப்போம். மூங்கில் குச்சியில் அப்பா நட்சத்திரம் கட்டுவார். அந்தச் சவுக்கு வாசம் இல்லாமல் எனக்குக் கிறிஸ்துமஸ் இல்லை. இதை யாரும் எனக்கு இரவல் என்று சொல்ல வேண்டாம்.

அந்த 1848 படத்துக்கு வண்ணம் தீட்டியதுதான் நான் வாங்கிய மரப் புதிரில் இருந்தது. மேசைமேல் மரம், கிளையெல்லாம் மெழுகுவர்த்தி, உச்சியில் ஒரு தேவதை. 250 துண்டு, ஐம்பது பவுண்டு. மர ஜிக்சாவில் மணி, மான் என்று உருவமாகவே வெட்டிய துண்டுகள் நடுநடுவே வரும், விம்சி என்பார்கள். ஓரத் துண்டைத் தேடிப் பிடிக்கலாம் என்றால் அதுவும் நடக்காது, நடுத் துண்டுகளுக்கும் நேர்கோடு வைத்து ஏமாற்றுவார்கள். நானும் மகனும் இரண்டு ராத்திரி முட்டிமோதியும் ஒரு மூலைகூடச் சேரவில்லை.

மூன்றாம் நாள் நைட் டியூட்டி முடிந்து காலையில் வருகிறேன். அப்பா தன் பழைய வேட்டியை மேசையில் விரித்து, அத்தனை துண்டுகளையும் கவிழ்த்துப் போட்டிருக்கிறார். படம் ஒன்றுகூடத் தெரியவில்லை. தூக்கமில்லாத எரிச்சலில் கத்திவிட்டேன். "படத்தைப் பார்த்து அடுக்குறதுதாம்பா விளையாட்டே, எதுக்கு எல்லாத்தையும் கவுத்தீங்க?" அவர் ஒன்றும் சொல்லாமல் மாடிக்குப் போய்விட்டார்.

மகன்தான் என் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினான். புதிர் பிளைவுட்டில் செய்தது. பின்பக்கத்தில் மரத்தின் ரேகை அப்படியே இருக்கிறது. காப்பிக் கலரில் ஒரு பட்டை ஒரு துண்டில் முடிந்து அடுத்த துண்டில் தொடங்குகிறது. அப்பா அந்தப் பட்டையைப் பிடித்துக்கொண்டே போயிருக்கிறார். முப்பது நாற்பது துண்டுகள் ஓடை மாதிரி வளைந்து மேசைக்குக் குறுக்கே கிடந்தன. மீதித் துண்டுகளையும் ரேகை ஒரே திசையில் ஓடும்படி திருப்பி வைத்திருந்தார். ஒரு துண்டை நாலு பக்கமும் திருப்பிப் பார்க்கிற வேலை பாதியாகக் குறைந்துவிட்டது.

மாடிக்குப் போய்க் கூட்டி வந்தேன். மன்னிப்பு என்று வாயால் கேட்கவில்லை. கட்டன் சாயா போட்டுக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து மீதியைத் திருப்பி வைத்தேன். அப்பா ஒரு துண்டின் ஓரத்தை மோந்து பார்த்து, "தீயை வச்சு அறுத்திருக்கானுவ" என்றார். லேசரில் வெட்டியது, ஓரம் கருகியிருக்கும். ஜிக்சா 1760-களிலேயே லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் தொடங்கியது, பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுக்க வரைபடத்தைப் பலகையில் ஒட்டி நாடு நாடாக ரம்பத்தில் அறுத்து விற்றார், அட்டையெல்லாம் ரொம்பப் பின்னால் வந்தது என்று சொன்னேன். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப இது நம்ம வேலையாக்கும்."

அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்றது. ஊர்க் கோயிலில் இருபத்திரண்டு வருடம் கிறிஸ்துமஸ் குடில் கட்டியவர் அவர். மூங்கில், பனையோலை, வைக்கோல், எல்லாம் அவரே சுமந்து வருவார். கூலி வாங்கியதில்லை. பிறகு ஒருவர் பணம் கொடுக்க, ஃபைபர் குடில் வாங்கி வைத்தார்கள். கொடுத்தவர் பெயரைத் திருநாள் நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டார்கள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நோட்டீஸில்கூட அப்பா பெயர் வந்ததில்லை. பணம் கொடுத்தவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் கையால் கொடுப்பதும் கொடைதானே? கமிட்டியில் இருந்த ஒருவருக்கும் இது தோன்றவில்லை. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, எழுதாமல் விட முடியவில்லை.

சரி, புதிருக்கு வருகிறேன். இருபத்துமூன்றாம் தேதி ராத்திரி கடைசித் துண்டு விழுந்தது. மேலும் கீழும் அட்டை வைத்து, நாங்கள் மூன்று பேரும் ஓரங்களை இறுக்கிப் பிடித்துத் திருப்பினோம். மேல் அட்டையை எடுத்ததும் மரமும் மெழுகுவர்த்திகளும் முழுசாக வந்தன. மகன் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அப்பா உள்ளங்கையால் ஒருமுறை தடவி, எங்காவது துண்டு மேடு தட்டுகிறதா என்று பார்த்தார். ஜனவரி 6-இல் கிறிஸ்துமஸ் மரத்தை இறக்கும்வரை அது மேசையிலேயே இருந்தது. நாங்கள் சோபாவில் தட்டை வைத்துச் சாப்பிட்டோம்.

இப்போது அப்பா ஊரில் இருக்கிறார். ஒவ்வொரு டிசம்பரிலும் மரம் வைக்கிற அன்றே புதிரையும் பிரிக்கிறோம். மகன் துண்டுகளைக் கவிழ்த்துப் போட்டு, போன் கேமராவைக் காட்டி, "தாத்தா, ரேகை இப்படி ஓடுது" என்று தமிழில் சொல்கிறான். அவனுக்கு முதலில் வாயில் வந்த தமிழ்ச் சொற்களில் ரேகையும் ஒன்று.

நான் எந்தக் கடைக்கும் விளம்பரம் செய்யவில்லை, அதனால்தான் பெயர் போடவில்லை. ஐம்பது பவுண்டு சின்னத் தொகை என்றும் சொல்லவில்லை, எனக்கும் அது யோசித்துச் செலவழித்த காசு. நீங்கள் வாங்குவதாக இருந்தால் பிளைவுட்டா எம்டிஎஃபா என்று மட்டும் கேளுங்கள். எம்டிஎஃப் மரநாரைப் பசை சேர்த்து அமுக்கிச் செய்வது, அதன் பின்பக்கம் மொழுமொழுவென்று இருக்கும், ரேகையே இருக்காது. கடைக்காரர்கள் முன்பக்கப் படத்தைத்தான் காட்டுவார்கள். பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.