குண்டு செய்ய விடாமல் தடுப்பது எப்படி? கேட்டவையும் பதில்களும்

அணு ஆயுதம், ரசாயன ஆயுதம், ஏவுகணை இதெல்லாம் நாடு விட்டு நாடு பரவாமல் இருக்க அரசுகள் சேர்ந்து என்ன செய்கின்றன என்று கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்திருக்கிறேன். முக்கால்வாசிப் பேர் ஒப்பந்தங்களைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் முக்கால்வாசி விஷயம் சரக்கு ரசீதில் இருக்கிறது. கீழே அதற்கும் வருகிறேன்.

கேள்வி: ஐந்து நாடுகள் மட்டும் குண்டு வைத்துக்கொள்ளலாம், மற்றவர்கள் கூடாது. இது என்ன நியாயம் சார்?

நியாயம் இல்லைதான், பேரம். 1968-ல் கையெழுத்துக்கு வந்து 1970-ல் அமலான அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம், 1967 ஜனவரி 1-க்கு முன் குண்டு வெடித்துக் காட்டியவர்களை மட்டும் அணு ஆயுத நாடுகள் என்று ஏற்றுக்கொண்டது. மற்றவர்கள் குண்டு வேண்டாம் என்று ஒதுங்கினால் மின்சாரம், மருத்துவம் போன்றவற்றுக்கு அணுசக்தி கிடைக்கும், ஐவரும் ஆயுதக் குறைப்புக்காக நல்லெண்ணத்தோடு பேச வேண்டும், இதுதான் கொடுக்கல் வாங்கல். அந்தப் பேச்சு எப்போது முடிய வேண்டும் என்று ஆறாவது பிரிவில் ஒரு வார்த்தை கிடையாது, அதனால் இன்றைக்கும் சண்டை ஓயவில்லை. இந்தியா, பாகிஸ்தான், இஸ்ரேல் மூன்றும் கையெழுத்தே போடவில்லை. வட கொரியா போட்டுவிட்டு 2003-ல் வெளியேறுவதாக அறிவித்தது.

ஆனால் ஒன்று. 1963-ல் அதிபர் கென்னடி, 1970-களில் 15, 20, ஏன் 25 நாடுகளிடம்கூட அணு ஆயுதம் இருக்கலாம் என்று பயந்தார். இன்று ஒன்பது. ஓரவஞ்சனையான ஒப்பந்தம்தான், இருந்தாலும் அதன் பங்கு இதில் கணிசமானது என்றே நினைக்கிறேன்.

கேள்வி: கையெழுத்துப் போட்டுவிட்டு ரகசியமாகச் செய்தால் யாருக்குத் தெரியும்?

ஈராக் அதைத்தான் செய்தது. வியன்னாவில் உள்ள சர்வதேச அணுசக்தி முகமை, 'இங்கே அணுப்பொருள் இருக்கிறது' என்று நாடு சொன்ன இடங்களைத்தான் அப்போது சோதித்து வந்தது. சொல்லாத இடங்களில் வேலை நடந்தது 1991 போருக்குப் பிறகுதான் முழுதாக வெளியே வந்தது. அதில் பட்ட சூட்டில்தான் 1997-ல் கூடுதல் நெறிமுறை என்று ஒன்று வந்தது: ஏற்றுக்கொண்ட நாட்டில் சொல்லாத இடத்துக்கும் அனுமதி கேட்கலாம், சூழலில் மாதிரி எடுக்கலாம்.

மாதிரி எடுப்பது பார்க்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். சுத்தமான பருத்தித் துணித்துண்டு ஒன்றால் சுவர், குழாய், மேஜை என்று துடைத்து, உறையில் போட்டு முத்திரை வைத்து அனுப்புவார்கள். கண்ணுக்கே தெரியாத ஒரு யுரேனியத் துகள் ஒட்டியிருந்தால்கூட அது எவ்வளவு செறிவூட்டப்பட்டது என்று ஆய்வகம் சொல்லிவிடும். கூடத்தைக் கழுவி வெள்ளையடித்தாலும் ஏதாவது ஒரு மூலையில் துகள் மாட்டிக்கொண்டிருக்கும்.

கேள்வி: யுரேனியத்தைச் செறிவூட்டுவதில் ஈரான் 60 சதவீதம் வரைதானே போனது? குண்டுக்கு 90 வேண்டும் என்கிறார்கள். இன்னும் தூரம் இருக்கிறதே, ஏன் இத்தனை பதற்றம்?

இந்தச் சதவீதம் எல்லோரையும் ஏமாற்றும். இயற்கை யுரேனியத்தில் சுமார் 140 அணுக்களுக்கு ஒன்றுதான் யுரேனியம்-235, உலைக்கும் குண்டுக்கும் வேண்டிய வகை. செறிவூட்டுவது என்றால் மீதி 139-ஐக் கழித்துக்கொண்டே வருவது. மின் உலைக்கான 4 சதவீதத்தை எட்டும்போது அந்த ஒன்றோடு 24 மட்டும் மிச்சம், அதாவது 115-ஐ ஏற்கெனவே தள்ளியாகிவிட்டது. 20 சதவீதத்தில் மிச்சம் நான்கே நான்கு. அங்கே வந்துவிட்டாலே மொத்த உழைப்பில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு முடிந்த மாதிரி. 60-க்குப் பிறகு 90 என்பது அடுத்த தெரு.

அதனால்தான் ஈரானோடு அமெரிக்கா உள்ளிட்ட நாடுகள் செய்த 2015 உடன்பாட்டில் 3.67 சதவீதம், கையிருப்பு 300 கிலோ என்று இரண்டையும் சேர்த்துக் கட்டினார்கள். 2018-ல் அமெரிக்கா விலகியது, பிறகு ஈரானும் வரம்புகளை ஒவ்வொன்றாகத் தாண்டி 2021-ல் 60-ஐத் தொட்டது.

கேள்வி: நாங்கள் சின்ன ஏற்றுமதி நிறுவனம். ஆயுதம் எதுவும் விற்பதில்லை. எங்களிடம் ஏன் இறுதிப் பயனாளி யார் என்று சான்று கேட்கிறார்கள்?

ஐயா, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். குண்டை யாரும் குண்டாக வாங்குவதில்லை, உதிரியாகத்தான் வாங்குகிறார்கள். உள்ளங்கையில் அடங்கும் ஸ்பார்க் கேப் என்ற மின் சுவிட்ச் இருக்கிறது. சிறுநீரகக் கல்லை அதிர்வலையால் உடைக்கும் மருத்துவ இயந்திரத்துக்கு அது வேண்டும். அணுகுண்டை வெடிக்க வைக்கும் அமைப்புக்கும் அதுவே வேண்டும். 2003-ல் தென்னாப்பிரிக்க வியாபாரி ஒருவர் மூலம் அமெரிக்காவில் 200 சுவிட்சுகளுக்கு ஆர்டர் போனது. ஒரு மருத்துவமனைக்குச் சில இருந்தால் போதும்! தகவல் கிடைத்த அதிகாரிகள், தயாரிப்பாளரிடம் சொல்லி 66-ஐ மட்டும் வேலை செய்யாதபடி ஆக்கி அனுப்பிவைத்துப் பின்தொடர்ந்தார்கள். சரக்கு தென்னாப்பிரிக்கா போய், அங்கிருந்து பாகிஸ்தானுக்குப் போனது.

ஒரு நாடு ஒரு சரக்குக்கு அனுமதி மறுத்தால், அணுசக்தி விநியோக நாடுகள் குழுவில் உள்ள மற்றவர்களுக்கும் அது தெரிவிக்கப்படும். இங்கே கிடைக்காததை அடுத்த கடையில் வாங்கிவிடக் கூடாது என்பதுதான் கணக்கு. ரசாயன ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் நாடுகள் சேர்ந்த ஆஸ்திரேலியா குழுவிலும் இதே பழக்கம் உண்டு. ராஜதந்திரம் என்றால் கைகுலுக்கும் போட்டோதான் நினைவுக்கு வரும், ஆனால் மறுப்புக் கடிதத்தைப் பகிர்ந்துகொள்வதும் அதே ராஜதந்திரம்தான். சான்றிதழை நிரப்புவது எரிச்சல்தான், நிரப்பிக் கொடுங்கள்.

கேள்வி: சந்தேகப்பட்டால் நடுக்கடலில் கப்பலை நிறுத்திவிடலாமா?

நினைத்தபடி முடியாது. 2002 டிசம்பரில் ஸ்பெயின் கடற்படை ஒரு கப்பலை நிறுத்திப் பார்த்தால் உள்ளே ஏமனுக்குப் போகும் வட கொரிய ஸ்கட் ஏவுகணைகள். கைப்பற்றச் சட்டம் இல்லை, விட்டுவிட்டார்கள். அடுத்த ஆண்டே, இப்படிப்பட்ட சரக்கை வழிமறிக்க நாடுகள் ஒத்துழைக்கும் பரவல் பாதுகாப்பு முன்முயற்சி என்ற ஏற்பாடு தொடங்கியது. 2003 அக்டோபரில் லிபியாவுக்குப் போன 'பிபிசி சைனா' என்ற கப்பலை, உரிமையாளரான ஜெர்மானிய நிறுவனத்தின் சம்மதத்தோடு இத்தாலியின் தரந்தோ துறைமுகத்துக்குத் திருப்பினார்கள். உள்ளே யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்கு இயந்திரத்துக்காக மலேசியாவில் செய்த பாகங்கள், எல்லாம் பாகிஸ்தான் அணு விஞ்ஞானி ஏ.க்யூ. கானின் ரகசிய விற்பனை வலைப்பின்னலின் சரக்கு. டிசம்பரில் லிபியா தன் ஆயுதத் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. 2004 ஏப்ரலில் பாதுகாப்பு கவுன்சில் 1540-ஆம் தீர்மானம் போட்டு, எல்லா நாடும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வைத்திருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது.

கேள்வி: கைவிட்ட உக்ரைன், லிபியா கதி என்ன ஆனது பார்த்தீர்களா? இனி எவன் கைவிடுவான்?

இதற்கு மழுப்பாமல் சொல்கிறேன், இந்த முயற்சிக்கே விழுந்த பெரிய அடி இதுதான். உக்ரைனில் சோவியத் விட்டுப்போன தொலைதூர அணு ஆயுதங்கள் மட்டும் சுமார் 1,900 இருந்தன. ஏவும் கட்டுப்பாடு மாஸ்கோவிடம் இருந்தது உண்மைதான். ஆனாலும் அவற்றைக் கைவிடுவதற்கு ஈடாக 1994-ல் புடாபெஸ்டில் எல்லையை மதிப்போம் என்று ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் எழுதிக் கொடுத்தன. 2014-ல் கிரிமியா ரஷ்யாவிடம் போனது, 2022-ல் முழுப் போர். லிபியாவை ஆண்ட கடாஃபியின் முடிவு 2011-ல். வட கொரியா லிபியாவை வெளிப்படையாகவே உதாரணம் காட்டுகிறது. தென்னாப்பிரிக்கா மட்டும் வேறு கதை: தானே செய்த ஆறு குண்டுகளைத் தானே பிரித்துப்போட்டுவிட்டு 1993-ல்தான் உலகுக்குச் சொன்னது.

கேள்வி: ரசாயன ஆயுதம், உயிரியல் ஆயுதம்?

முதலாவது நல்ல கதை. 1997-ல் அமலான ஒப்பந்தத்தில் 193 நாடுகள் இருக்கின்றன. உறுப்பு நாடுகள் தங்களிடம் உள்ளதாகச் சொன்ன 72,000 டன்னுக்கும் மேற்பட்ட இருப்பு முழுவதும் 2023 ஜூலையோடு அழிக்கப்பட்டது. சிரியா எல்லாவற்றையும் சொல்லவில்லை என்ற தகராறு வேறு. உயிரியல் ஒப்பந்தம் 1975 முதல் இருக்கிறது, சோதிக்க ஆய்வாளர்களே கிடையாது. அதற்கான பேச்சு 2001-ல் முறிந்தது.

கேள்வி: அண்ணா, நான் வேதியியல் படிக்கிறேன். இந்தத் துறையில் எனக்கு இடம் உண்டா?

தாராளமாக. ஹேக்கில் உள்ள ரசாயன ஆயுதத் தடை அமைப்பின் ஆய்வாளர்களில் வேதியியல் படித்தவர்கள் நிறைய உண்டு. சுங்கத் துறையில் பொருளையும் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு எப்போதும் தட்டுப்பாடு. முதலில் ஆஸ்திரேலியா குழுவின் ரசாயனப் பட்டியலை எடுத்துப் படியுங்கள். பேனா மையிலும் மஸ்டர்ட் வாயு என்ற ரசாயன ஆயுதத்திலும் பயன்படும் தயோடைகிளைக்கால் அதில் இருக்கும், அங்கிருந்து ஆரம்பியுங்கள்.