நாயின் கண் பிதுங்கினால்

கேள்வி: எங்கள் தோட்டத்து நாய்க்கு 10 வயது. ஒரு மாதமாக வலது கண் மெல்லப் பிதுங்குகிறது, மூலையில் சிவந்த சவ்வு தெரிகிறது. நன்றாகத்தான் சாப்பிடுகிறது. சொட்டுமருந்து போதுமா? – வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: போதாதம்மா. வயதான நாய்க்கு ஒரு கண் மட்டும் வலியில்லாமல் பிதுங்கினால், பின்னால் கட்டி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். சீழ்க்கட்டி என்றால் ஓரிரு நாளிலேயே வீங்கிவிடும். வாயைத் திறந்தாலே கத்தும், தாடை எலும்பு கண்குழியின் பின்புறத்தை அழுத்துவதால். மருத்துவர் மூடிய இமைமேல் விரல் வைத்து இரு கண்களையும் மெல்ல அழுத்திப் பார்ப்பார்; கட்டியுள்ள கண் உள்ளே அமுங்காது. நீங்கள் அழுத்தாதீர்கள். சி.டி. ஸ்கேனும் ஊசியில் எடுக்கும் மாதிரியும் வேண்டும். பெரும்பாலும் புற்றுநோய்தான், தள்ளிப்போட வேண்டாம். அதுவரை கண் காயாமல் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை செயற்கைக் கண்ணீர் விடுங்கள். வீட்டிலிருக்கும் ஸ்டீராய்டு சொட்டுமருந்து கூடவே கூடாது. கருவிழியில் புண் இருந்தால் துளையே விழுந்துவிடும்.