ஒரே கம்பனி சிக்னல்தான், டிஷ் போடலாமா?

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் லயத்துக்கு (தோட்ட வரிசை வீடுகளுக்கு) ஃபைபர் வராது. ஒரேயொரு கம்பனியின் 4ஜி மட்டும் ஜன்னலோரம் பிடிக்கிறது. இரவு ஏழு மணிக்குப் பிறகு அதுவும் ஊர்கிறது. ஓ/எல் (சாதாரண தர) பிள்ளைகளுக்கு சூம் வகுப்பு எடுக்க முடியவில்லை. கடன் வாங்கியாவது ஸ்டார்லிங்க் செய்மதி இணைய டிஷ் போடலாமா?

பதில்: வீட்டுக்கென்று கடன் வாங்காதீர்கள், சகோதரி. உங்கள் பக்கம் டிஷ் போட்டு வேகமாகிவிடும், சரி. பிள்ளைகள் அதே டவரில்தானே தொங்கிக்கொண்டிருப்பார்கள்?

முதலில் செலவு குறைந்த வழியைப் பாருங்கள். ஜன்னலோரம் பிடிக்கும் சிக்னல் கூரைக்கு மேலே பெரும்பாலும் இன்னும் நன்றாகப் பிடிக்கும். வெளி அன்டெனா பொருத்தக்கூடிய 4ஜி ரவுட்டர் வாங்கி, அன்டெனாவைக் கம்பத்தில் ஏற்றி டவர் பக்கம் திருப்புங்கள். மற்றக் கம்பனிகளின் சிம்மையும் போட்டுப் பாருங்கள். கீழே இல்லாத சிக்னல் மேலே கிடைப்பதுண்டு. ஆனால் ஏழு மணிக்கு டவரிலேயே நெரிசல் என்றால் இது முழுதாகத் தீர்க்காது.

அந்த நிலையில் செய்மதி நல்ல வழிதான். ஸ்டார்லிங்குக்கு இலங்கையில் 2024 ஆகஸ்டில் அனுமதி கிடைத்து, 2025 ஜூலையில் சேவை தொடங்கியது. பழைய செய்மதி இணையம் ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்திலிருந்து வந்தது. கேள்வி போய்ப் பதில் திரும்ப அரை நொடி பிடிக்கும். ஸ்டார்லிங்க் செய்மதிகள் சுமார் 500 கிலோமீற்றரில் சுற்றுபவை. பேச்சில் தாமதம் தெரியாது.

உங்கள் மலையில் சிக்கல் மரம்தான். ஒரு செய்மதி சில நிமிடங்களில் வானத்தைக் கடந்துவிடும், டிஷ் அடுத்ததைப் பிடிக்கும். நடுவில் ஒரு யூக்கலிப்டஸ் மறித்தால் சில நொடி துண்டிக்கும். படம் பார்க்கிறவருக்கு அது தெரியாது. கணக்குச் செய்து காட்டும்போது ஒவ்வொரு தடவையும் "டீச்சர், கேக்கல" என்பார்கள். வாங்குமுன் அவர்களுடைய செயலியைப் போனில் இறக்கி, டிஷ் வைக்கப்போகும் இடத்தில் நின்று கமெராவால் வானத்தைச் சுற்றிக் காட்டுங்கள். மறைப்பைச் சிவப்பில் காட்டும். சிவப்பு நிறைய வந்தால் இடத்தை மாற்றுங்கள்.

கருவியின் விலை அறிமுகத்திலேயே இலட்சம் ரூபாயைத் தாண்டியிருந்தது, மாதக் கட்டணம் வேறு. இதை ஒரு குடும்பம் சுமக்கக் கூடாது. பாடசாலை மண்டபத்தில் போடும்படி அதிபரிடம் பேசுங்கள். கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பழைய மாணவர்களைக் கேளுங்கள். ஒரு திரையும் புரொஜெக்டரும் இருந்தால் பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாக உட்காரலாம். தோட்டப் பாடசாலைகளில் எப்போதும் தட்டுப்பாடாக இருக்கும் கணித, விஞ்ஞான ஆசிரியர்களையும் தூரத்திலிருந்து வகுப்பெடுக்கச் சொல்லலாம். பாடசாலைக்கு எந்தப் பொதி (பெக்கேஜ்) என்று முன்கூட்டியே விசாரியுங்கள். காசு வாங்கிக்கொண்டு அயலாருக்குப் பிரித்துக் கொடுக்க ஒப்பந்தம் இடம் தராது.

டவர் நெரிசலைச் சும்மா விடாதீர்கள். லயத்தாரிடம் கையெழுத்து வாங்கி, கம்பனிக்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும் எழுதுங்கள். அப்புறம், கம்பம் நட்டால் எர்த் கம்பி இல்லாமல் விடவே வேண்டாம். உங்கள் பக்கத்து மின்னல் பொல்லாதது.