அக்டோபர் பேக்கேஜ் மலிவுதான். ஆனாலும் வியட்நாமுக்கு மே மாதம் போங்கள்

கேள்வி: நாங்கள் காரைக்குடி. நான், கணவர், ஏழாவது படிக்கும் மகள், 66 வயது மாமியார் என நான்கு பேரும் வியட்நாம் போக ஆசைப்படுகிறோம். மாமியாரின் தாத்தா சைகோனில் கொடுக்கல் வாங்கல் செய்தவர். அங்குள்ள கோயிலை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று பல வருஷமாகச் சொல்கிறார். ஆயுத பூஜை விடுமுறையை ஒட்டி ஹனோய், ஹா லாங், டா நாங், சைகோன் எல்லாம் சேர்த்து ஏழு இரவுக்குத் தலைக்கு 65,000 ரூபாய் என்கிறார் டிராவல் ஏஜென்ட். மே மாதம் போனால் விலை ஏறுமாம். இந்த மாதம் சீட்டுப் பணம் 1,40,000 ரூபாய் கைக்கு வருகிறது. மீதி 1,20,000 ரூபாய்க்குப் பர்சனல் லோன் எடுக்கலாமா? மாதம் 11,000 ரூபாய் வரை கட்ட முடியும். அவசரத்துக்கென்று 3 லட்சம் எஃப்.டி.யில் இருக்கிறது.

பதில்: லோன் வேண்டாம், எஃப்.டி.யையும் தொட வேண்டாம். ஆனால் பயணத்தைக் கைவிடவும் வேண்டாம். அக்டோபரிலிருந்து மே மாதத்துக்குத் தள்ளிப் போடுங்கள். உங்கள் பணக் கணக்கும் வியட்நாமின் மழைக் கணக்கும் இதில் ஒரே பக்கம்தான் சாய்கின்றன.

முதலில் மழை. வியட்நாம் வடக்கு தெற்காக ஏறக்குறைய 1,650 கிலோமீட்டர் நீளும் ஒல்லியான நாடு. 'வியட்நாமுக்கு எது நல்ல சீசன்' என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. வடக்கே ஹனோயில் டிசம்பர், ஜனவரியில் ஸ்வெட்டர் போடும் அளவுக்குக் குளிரும். ஜூனில் புழுக்கம் தாங்காது. தெற்கே சைகோன் எனப்படும் ஹோ சி மின் நகரத்தில் குளிர்காலமே இல்லை. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறட்சி, மே முதல் நவம்பர் வரை மழை, அவ்வளவுதான்.

நடுவில் இருக்கும் டா நாங், ஹோய் ஆன், ஹியூ பகுதியின் காலண்டர் உங்களுக்குப் பழக்கமானது. நமக்கு ஐப்பசி அடைமழை தரும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் அங்கும் மழை கொண்டுவருகிறது. தென்சீனக் கடலின் ஈரத்தை அள்ளி வந்து கரைக்குப் பின்னால் நிற்கும் மலைத்தொடரில் மோதிக் கொட்டிவிடும். போதாததற்குப் புயல்களும் அந்தச் சமயத்தில் அந்தக் கரையைத்தான் குறிவைக்கும். ஹோய் ஆன் பழைய நகரம் து போன் ஆற்றின் ஓரத்திலேயே இருக்கிறது. அக்டோபர், நவம்பரில் ஆறு பொங்கினால் மஞ்சள் சுவர் வீடுகளின் கதவு வரை தண்ணீர் ஏறி, தெருவில் படகு ஓடும். 2025 அக்டோபர் கடைசியில் ஹியூவிலும் ஹோய் ஆனிலும் வந்தது பெருவெள்ளம். அந்த 65,000 ரூபாயின் மலிவுக்குக் காரணம் இதுதான். உங்களிடம் மிச்சமாவது போலத் தெரியும் தொகைக்கு ஈடாக மழை வெள்ள ஆபத்தை உங்கள் தலையில் ஏற்றுகிறார்கள். 66 வயது அம்மாவை அழைத்துக்கொண்டு அதை ஏற்க வேண்டியதில்லை.

மே மாதம் டா நாங் கடற்கரையில் வெயிலும் தெளிந்த வானமும். சைகோனில் மழை அப்போதுதான் தொடங்கும். பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல் ஒன்றிரண்டு மணி நேரம் அடித்துவிட்டு விட்டுவிடும். சுற்றிப் பார்ப்பதைக் காலையில் வைத்துக்கொண்டால் போதும்.

தேதியிலும் கவனம் தேவை. ஏப்ரல் 30, மே 1 அங்கே தேசிய விடுமுறை. ஊரே கடற்கரைக்குக் கிளம்பும், ஹோட்டல் விலை ஏறும். ஜூன் தொடங்கினால் அவர்களின் பள்ளி விடுமுறைக் கூட்டம் வந்துவிடும். மே இரண்டாம், மூன்றாம் வாரம் இரண்டுக்கும் நடுவில் விழுகிறது, உங்கள் மகளுக்கும் லீவு. (யாராவது ஜனவரி கடைசியிலோ பிப்ரவரி நடுவிலோ போகச் சொன்னால், டெட் என்னும் அவர்களின் புத்தாண்டு தேதியைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அந்த வாரம் கடைகள் பல மூடியிருக்கும், டிக்கெட் கிடைப்பதும் கஷ்டம்.)

இப்போது பணம். 1,20,000 ரூபாயை 14 சதவீத வட்டியில் ஒரு வருஷத்துக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 10,775 ரூபாய். வட்டி மட்டும் 9,300 ரூபாய்க்குப் பக்கம், பிராசசிங் கட்டணம் தனி. அதே 11,000 ரூபாயை ஆகஸ்ட் முதல் ஏப்ரல் வரை ஆர்.டி.யில் போட்டால் அசல் மட்டும் 99,000. சீட்டுப் பணத்தோடு சேர்ந்து 2,39,000 ரூபாய், கொஞ்சம் வட்டியும் வரும். மாதம் கட்டும் தொகை ஒன்றுதான். முன்னால் கட்டுகிறீர்களா, பின்னால் கட்டுகிறீர்களா என்பதில்தான் பத்தாயிரம் ரூபாய் வித்தியாசம்.

மே விலை கூடும் என்று ஏஜென்ட் சொல்வது உண்மைதான். அதனால் ஊர்களைக் குறையுங்கள். ஹனோயும் ஹா லாங்கும் இந்த முறை வேண்டாம். ஹா லாங் படகில் இரவு தங்குவது இந்தப் பயணத்திலேயே செலவு அதிகமான பகுதிகளில் ஒன்று. அதோடு ஓர் உள்நாட்டு விமான டிக்கெட்டும் மிச்சம். டா நாங், ஹோய் ஆனில் மூன்று இரவு, சைகோனில் இரண்டு இரவு போதும். ஹோய் ஆனிலிருந்து மி சோன் போய்வரலாம். நடு வியட்நாமை அந்தக் காலத்தில் ஆண்ட சம்பா அரசர்கள் 4-ஆம் நூற்றாண்டு தொடங்கி எழுப்பிய சிவன் கோயில்களின் செங்கல் மிச்சங்கள் அங்கே இருக்கின்றன. மாமியார் நிச்சயம் நெகிழ்ந்துபோவார். நிழல் குறைவு, நடை அதிகம், விடியற்காலையில் போங்கள். சைகோனில் நகரத்தார் கால்பதித்த பகுதி, 2025 வரை முதல் மாவட்டம் (District 1) என்று இருந்த நகர மையத்துக்குள்தான். மாரியம்மன் கோயில் பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இன்று அங்கே கும்பிட வருபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியரே. தண்டாயுதபாணி கோயிலும் தூரமில்லை. உங்கள் குடும்பத்துக்கு இந்தப் பயணத்தின் காரணமே அதுதான், அந்த இரண்டு நாளை ஏஜென்ட் சுருக்க விடாதீர்கள்.

விசா நான்கு பேருக்கும் தனித்தனியாக வேண்டும், குழந்தைக்கும்தான். ஒருமுறை நுழைவதற்கான இ-விசா 25 டாலர். வியட்நாம் அரசின் தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். அதே போலத் தோன்றும் இடைத்தரகர் தளங்கள் பல மடங்கு வாங்குகின்றன. நம் ஊரில் இன்ஷியல்தான் சிக்கல். பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி விரிந்திருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே நிரப்புங்கள். பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாத ஆயுளாவது மிச்சம் இருக்க வேண்டும்.

கைச்செலவுக்கு டாலராக வாங்கிப் போங்கள். மடிப்பு, கிழிசல், பேனா கிறுக்கல் இல்லாத 100 டாலர் நோட்டாகக் கேட்டு வாங்குங்கள். அங்கே மாற்றும்போது ரேட் நன்றாக இருக்கும். ரூபாயைக் கொண்டுபோய் மாற்றினால் நஷ்டம். ஒரு ரூபாய்க்கு வியட்நாம் பணமான டாங் சுமார் 280 முதல் 300 வரும். நாணயம் புழக்கத்தில் இல்லை, எல்லாம் நோட்டு. 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டும் நீலச் சாயல். முதலாவது சுமார் 70 ரூபாய், இரண்டாவது 1,700-க்கு மேல். இரவு டாக்ஸியில் மாற்றிக் கொடுத்துவிடுபவர்கள் நிறைய. பெரிய நோட்டைத் தனிப் பையில் வையுங்கள். 20,000-இன் பின்புறம் ஹோய் ஆனின் ஜப்பானியப் பாலம் இருக்கும், அதை அடையாளம் வைத்துக்கொள்ள மகளிடம் சொல்லுங்கள். கார்டு தேய்க்கும்போது மெஷின் 'ரூபாயிலா, டாங்கிலா' என்று கேட்டால் டாங் என்றே சொல்லுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்த ரேட்.

பேக்கேஜ் விலையில் ஜி.எஸ்.டி., டி.சி.எஸ். (வெளிநாட்டுப் பேக்கேஜை விற்கும்போதே ஏஜென்ட் உங்களிடம் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) இரண்டும் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். டி.சி.எஸ். தொகை வீணாகாது. யார் பான் எண்ணில் பிடிக்கிறார்களோ அவர் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது திரும்பப் பெறலாம். ஆகவே தவறாமல் தாக்கல் செய்பவரின் பான் எண்ணைக் கொடுங்கள்.

கடைசியாக இன்ஷூரன்ஸ். மாமியாருக்கு பி.பி., சுகர் இருந்தால் மறைக்காமல் சொல்லி, அதற்கும் கவர் தரும் பாலிசியாகப் பாருங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

சீட்டுப் பணம் வந்த அன்றே தனியாக ஏப்ரலில் முதிரும்படி ஒரு எஃப்.டி. போட்டுவிடுங்கள், சேமிப்புக் கணக்கில் விட்டால் கரைந்துவிடும். விமான டிக்கெட்டுக்கு முன்பணம் தேவைப்படும் என்பதால் அதில் 40,000 ரூபாயை மட்டும் வெளியில் வைத்துக்கொண்டு, ஜனவரியிலிருந்து விலை பார்க்கத் தொடங்குங்கள்.